நாள் குறிப்பது யார்? வடிவமைப்பு மென்பொருள்கள் மாறும்போது கை தடுமாறுவது ஏன்

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள். பத்து நாள் விரதத்துக்குக் கொடியேறுமுன்பே கோவில் அறிவிப்புத் தாள்கள் அச்சேறிவிட வேண்டும். மேலே தமிழில் கோவிலின் பெயர், நடுவில் முருகன் படம், கீழே பிரெஞ்சு மொழியில் ஊர்வலம் புறப்படும் நேரமும் வாழையிலையில் ஏழு கறி பரிமாறும் இடமும். ரோஸ் ஹில்லிலோ கத்ர் போர்னிலோ ஒரு சிறு அச்சகம் இந்த வேலையைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகளுக்கு முன் செய்த ஃபோட்டோஷாப் கோப்பு கையில் இருக்கிறது. தேதியை மாற்றினால் போதும், அரைமணி நேர வேலை.

கோப்பைத் திறக்கிறார்கள். கோவில் சின்னத்தின் காவி நிறம் கறுப்பாகத் தெரிகிறது. பிரெஞ்சு வரிகளுக்கான எழுத்துரு காணவில்லை என்று ஓர் எச்சரிக்கை வருகிறது. முருகன் படத்தைச் சற்றுப் பெரிதாக்கப் பழகிய விசையை அழுத்தி இழுத்தால், படம் ஒரு பக்கமாக இழுபட்டுக் குலைகிறது. கோப்பை யாரும் தொடவில்லை. கணினியும் பழுதாகவில்லை. மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவர்களின் கோபத்தை "மாற்றத்தை ஏற்க மனமில்லாதவர்கள்" என்று சொல்லித் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த விளக்கம் தவறானது. உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

## மூன்று கோளாறுகள், மூன்று காரணங்கள்

அந்த ஒரே கோப்பில் தெரிந்த மூன்று கோளாறுகளும் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு காரணங்களால் வந்தவை.

1. இழுபட்ட படம். ஃபோட்டோஷாப்பில் ஒரு படத்தை அகல உயர விகிதம் கெடாமல் பெரிதாக்க வேண்டுமானால் ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு மூலையை இழுக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. 2018 அக்டோபரில் வெளிவந்த ஃபோட்டோஷாப் சிசி 2019 பதிப்பு இதைத் தலைகீழாக்கியது. ஷிப்ட் இல்லாமல் இழுத்தால் விகிதம் காக்கப்படும், ஷிப்டைப் பிடித்தால் விகிதம் குலையும். அதோடு விட்டிருந்தாலும் ஒரு மாதத்தில் பழகியிருக்கலாம். ஆனால் கோடுகளால் வரைந்த வடிவங்களுக்கு மட்டும் பழைய விதியே தொடர்ந்தது. ஒரே திரையில், ஒரே செயலுக்கு, இரண்டு எதிரெதிர் விதிகள். பழைய முறைக்குத் திரும்ப விரும்பியவர்கள் முதலில் அமைப்புக் கோப்புறைக்குள் ஒரு சிறு உரைக்கோப்பை எழுதிவைக்க வேண்டியிருந்தது. விருப்பத்தேர்வுகளில் அதற்கென ஒரு கட்டம் வைக்கப்பட்டது சில மாதங்கள் கழித்துத்தான்.

2. கறுப்பாகிய காவி. அச்சுத்தொழிலில் பான்டோன் என்பது நிறங்களுக்கு எண் கொடுத்து வைத்திருக்கும் முறை, 1963இல் தொடங்கியது. போர்ட் லூயியில் ஓர் எண்ணைச் சொன்னால் சென்னையில் அதே மையைக் கலக்கலாம். இந்த எண்கள் பான்டோன் நிறுவனத்தின் சொத்து, ஃபோட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் உரிமம் பெற்றுப் பயன்படுத்திவந்தது. இரு நிறுவனங்களுக்கும் இடையிலான ஏற்பாடு மாறியதால், 2022இன் இறுதியில் பெரும்பாலான பான்டோன் நிறத் தொகுப்புகள் அடோபி மென்பொருள்களிலிருந்து நீக்கப்பட்டன. பழைய ஃபோட்டோஷாப் கோப்புகளைத் திறந்தவர்கள் அந்த நிறங்கள் இருந்த இடத்தில் கறுப்பைக் கண்டார்கள். மீண்டும் வேண்டுமென்றால் பான்டோனுக்குத் தனிச் சந்தா கட்ட வேண்டும். அப்போதைய விலை மாதம் சுமார் 15 டாலர்.

3. காணாமற்போன எழுத்துரு. 1980களில் அடோபி தானே உருவாக்கிய எழுத்துரு வகை டைப் 1. கணினி அச்சுக்கோப்பின் முதல் தலைமுறை முழுவதும் அதை நம்பியே வளர்ந்தது. 2021இல் ஃபோட்டோஷாப்பும் 2023 ஜனவரியில் அடோபியின் மற்ற மென்பொருள்களும் அதற்கான ஆதரவை நிறுத்தின. பணம் கொடுத்து வாங்கிய எழுத்துருக்கள் வட்டில் பத்திரமாகவே இருக்கின்றன, மென்பொருள்தான் அவற்றைக் கண்டுகொள்வதில்லை.

முதலாவது பழக்கத்தைக் குலைத்தது, இரண்டாவது கோப்பின் உள்ளடக்கத்தையே மாற்றியது, மூன்றாவது வாங்கிய பொருளைப் பயனற்றதாக்கியது. மூன்றிலும் கோப்பின் சொந்தக்காரரை யாரும் கேட்கவில்லை.

## கைக்குள் இருக்கும் அறிவு

சித்திரமும் கைப்பழக்கம் என்று நம்மவர்கள் சொல்லிவைத்தது இந்த இடத்துக்கு அப்படியே பொருந்துகிறது. நன்கு பழகிய ஒருவர் மென்பொருளை இயக்கும்போது பட்டியலைப் படிப்பதில்லை. இடது கை ஒரு விசைக்கூட்டத்தை அழுத்தும், வலது கை சுட்டியை நகர்த்தும், கண் படத்தின்மேல் இருக்கும். எந்த விசையை அழுத்தினீர்கள் என்று கேட்டால், கையை மேசைமேல் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்த அறிவு வாக்கியமாக மனதில் இல்லை, விரலில் இருக்கிறது.

சமையலறையில் உப்பு ஜாடியையும் சர்க்கரை ஜாடியையும் இடம் மாற்றி வைத்துவிட்டால் யார் தடுமாறுவார்? புதிதாகச் சமைக்க வந்தவர் ஒவ்வொரு ஜாடியின்மேலும் ஒட்டியிருப்பதைப் படித்துத்தான் எடுக்கிறார், அவருக்கு ஒன்றும் நேராது. இருபது ஆண்டு அந்த அடுப்படியில் நின்றவர்தான் பாயசத்தில் உப்பைப் போடுவார். தேர்ச்சி எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு மாற்றம் வெட்டும். மூத்த வடிவமைப்பாளர்களின் கூச்சல் அதிகமாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான். அவர்களுக்கு மூப்பால் மூளை இறுகிவிடவில்லை.

இன்னொன்று. புதிதாக ஒன்றைக் கற்பதைவிட, கற்ற ஒன்றின் இடத்தில் அதற்கு நேரெதிரான ஒன்றை வைப்பது கடினம். பழைய பயிற்சி குறுக்கே வந்து நிற்கும். ஷிப்ட் விசை விவகாரம் இவ்வளவு எரிச்சலூட்டியதன் காரணமும் அதுவே. புதிய விசை ஒன்றைக் கொடுத்திருந்தால் கூடுதலாக ஒன்றைக் கற்றிருப்பார்கள். இருந்த விசையின் பொருளைத் திருப்பிப்போட்டதால் ஒவ்வொரு முறையும் கையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

ஐபிஎம் ஆய்வாளர்களான ஜான் கரோலும் மேரி பெத் ராசனும் 1987இலேயே கணினிப் பயனர்களைப் பற்றி ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். கருவியைக் கற்பதற்கு முதலில் நேரம் ஒதுக்கினால் நீண்ட நாளில் லாபம் என்றாலும் மக்கள் அப்படிச் செய்வதில்லை, கையில் இருக்கும் வேலையை முடிக்கவே முனைகிறார்கள். நாளைக் காலைக்குள் அறிவிப்புத் தாள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு "புதிதாக என்ன இருக்கிறது" என்று குதித்து வரும் சிறு சாளரம் உதவியாகத் தெரியாது. அது வழிமறிப்பு.

## முன்னிருப்பு எனும் அதிகாரம்

பயனர் எதையும் தேர்ந்தெடுக்காதபோது மென்பொருள் தானாக எதைச் செய்கிறதோ அதற்கு முன்னிருப்பு என்று பெயர். அமைப்புகளை மாற்றும் வசதி எப்போதும் இருக்கிறதே, முன்னிருப்பு எதுவாக இருந்தால் என்ன என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அப்படி ஒரு வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அது எந்தப் பட்டியலுக்குள் எத்தனையாவது அடுக்கில் ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். ஆகவே முன்னிருப்பை முடிவு செய்பவரே பெரும்பாலான பயனர்களின் வேலைமுறையை முடிவு செய்கிறார்.

வரிசையும் இடமும் வெறும் அலங்காரம் இல்லை என்பதை மொரீஷியஸ் தமிழர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. 1998 நவம்பரில் மொரீஷியஸ் வங்கி புதிய ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. அதுவரை நோட்டுகளில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்று இருந்த வரிசை, புதிய நோட்டுகளில் ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று மாறியிருந்தது. நோட்டின் மதிப்பும் எழுதப்பட்ட செய்தியும் அப்படியே இருந்தன, இடம் மட்டும் மாறியிருந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே, ஒப்பந்தக் கூலிகள் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, கைவினைஞர்களாக இத்தீவுக்கு வந்த மக்களின் வரலாறு அந்த வரிசையில் இருப்பதாகத் தமிழர்கள் கருதினார்கள். போராட்டம் எழுந்தது. நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, 1999இல் பழைய வரிசையுடன் மறுபடி அச்சிடப்பட்டன. இன்றும் ரெங்கநாதன் சீனிவாசன் உருவம் பொறித்த 100 ரூபாய் நோட்டை எடுத்துப் பார்த்தால் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ் இருப்பதைக் காணலாம்.

மென்பொருளில் ஒரு பொத்தான் இடம் மாறுவதும் ஒரு மக்களின் மொழி இடம் மாறுவதும் ஒரே எடை உடையவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இரண்டிலும் ஒரே பிழை இருக்கிறது. வடிவமைத்தவருக்கு அது "வரிசை மட்டும்தான்". பயன்படுத்துபவருக்கு அந்த வரிசைக்குள் ஏற்கெனவே ஒரு பொருள் குடியேறிவிட்டது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

## வாங்கிய பொருள் வாடகைப் பொருளானது

மாற்றங்கள் முன்பும் இருந்தன. மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் 2007இல் பட்டியல்களை எடுத்துவிட்டு ரிப்பன் என்ற அகன்ற பட்டையை வைத்தபோதும் பெரும் சலசலப்பு எழுந்தது. ஆனால் அப்போது பிடிக்காதவருக்கு ஒரு வழி இருந்தது: வாங்காமல் இருந்துவிடலாம். 2003 பதிப்பு வட்டு வீட்டில் இருந்தது, அது தொடர்ந்து வேலை செய்தது. தமிழ் அச்சகங்கள் பல பேஜ்மேக்கரை அப்படித்தான் வைத்திருந்தன. 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட பக்க வடிவமைப்பு மென்பொருள் அது. 1994இல் ஆல்டஸை அடோபி வாங்கியது, 2001இல் வந்த 7.0 பதிப்போடு வளர்ச்சி நின்றது. அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் பத்திரிகைகளும் திருமண அழைப்பிதழ்களும் அதில் உருவாயின.

2013 மே மாதத்தில் அடோபி ஒரு முடிவை அறிவித்தது. 2012இல் வந்த கிரியேட்டிவ் சூட் 6தான் நிரந்தர உரிமத்தோடு விற்கப்படும் கடைசித் தொகுப்பு. இனி புதிய பதிப்புகள் வேண்டுவோர் மாதந்தோறும் சந்தா கட்ட வேண்டும். கட்டட வரைபடத் துறையில் ஆட்டோடெஸ்க் 2016இல் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியது. 2020இன் இறுதியில் ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளும் அதே பாதையில் போனது.

சந்தா முறை விலையைப் பிரித்துக் கட்டும் ஏற்பாடாக மட்டும் அறிமுகமானது. மாதச் செலவு குறைவு, எப்போதும் புதிய பதிப்பு என்றார்கள். அவை பொய்யும் இல்லை. ஆனால் அதோடு சேர்ந்து வேறொன்றும் கைமாறியது: எப்போது மாறுவது என்று தீர்மானிக்கும் உரிமை. முன்பு புதிய பதிப்புக்கு மாறும் நாளை அச்சகக்காரர் குறித்தார். வேலை குறைந்த மாதம் பார்த்து, சோதனை செய்து, ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்து மாறினார். இப்போது நாளைக் குறிப்பவர் கலிபோர்னியாவில் இருக்கிறார். அவருக்குக் காவடி எப்போது என்று தெரியாது.

இந்தக் கட்டுரைக்கு மையமான கருத்து இதுதான். பயனர்களின் எரிச்சலைக் கிளறிப் பார்த்தால், மாற்றத்தின்மேல் இருக்கும் வெறுப்பைவிட, நாள் குறிக்கும் உரிமை பறிபோனதன் வலி அடியில் கிடக்கிறது.

அந்த வலி 2024 ஜூனில் வெடித்தது. அடோபி மென்பொருள்களைத் திறந்தவர்களுக்குத் திருத்தப்பட்ட பயன்பாட்டு விதிகள் திரையில் தோன்றின. பயனரின் படைப்புகளைத் தானியங்கி முறையிலும் மனிதர்கள் மூலமாகவும் நிறுவனம் அணுகலாம் என்ற வரி அதில் இருந்தது. ஒப்புக்கொண்டால்தான் மென்பொருள் திறக்கும். வாடிக்கையாளரின் படைப்புகளைக் கொண்டு செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கவில்லை என்று அடோபி விளக்கம் கொடுத்து, அதே மாதத்தில் விதிகளைத் தெளிவாக மாற்றி எழுதியது. அதே ஜூனில் அமெரிக்க அரசு அடோபிமீது வழக்குத் தொடர்ந்தது. மாதந்தோறும் கட்டும் ஆண்டுச் சந்தாவை இடையில் நிறுத்தினால் விழும் கட்டணத்தைச் சரியாகத் தெரிவிக்கவில்லை, விலகும் வழியைக் கடினமாக்கியது என்பவை குற்றச்சாட்டுகள்.

## நிறுவனங்கள் ஏன் மாற்றிக்கொண்டே இருக்கின்றன

அவர்கள் தரப்பையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சில மாற்றங்களைத் தவிர்க்கவே முடியாது. ஆப்பிள் 2019இல் வெளியிட்ட மேக் இயங்குதளமான கேட்டலினா 32 பிட் மென்பொருள்களை இயக்க மறுத்தது. கிரியேட்டிவ் சூட் 6 வைத்திருந்த மேக் பயனர்கள் அன்றோடு நின்றுபோனார்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துத்தான் ஆக வேண்டும். முப்பது ஆண்டு பழைய நிரல்களைச் சுமந்துகொண்டே போனால் புதிய எதையும் கட்ட முடியாது.

ஷிப்ட் விசை மாற்றத்துக்கும் ஒரு தர்க்கம் உண்டு. பெரும்பாலானோர் படங்களை விகிதம் கெடாமலே பெரிதாக்க விரும்புகிறார்கள், ஆகவே அதுவே இயல்பாக இருக்கட்டும் என்பது. புதிதாக வருபவருக்கு அது உண்மையிலேயே எளிது. சிக்கல் எங்கே என்றால், நிறுவனங்களின் கண் புதிதாக வரப்போகிறவர்மேல் இருக்கிறது. ஏற்கெனவே இருப்பவர் எங்கும் போகமாட்டார். அவருடைய பதினைந்து ஆண்டுக் கோப்புகளும் கைப்பழக்கமும் அவரைக் கட்டிவைத்திருக்கின்றன.

அளவீடும் ஏமாற்றுகிறது. எந்தப் பொத்தானை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று மென்பொருள் எண்ணிக்கொண்டே இருக்கிறது. நூற்றில் இரண்டு பேர் மட்டும் தொடும் வசதியை மறைப்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு தனிப்பட்ட மூலை இருக்கும். அப்படிப்பட்ட இருபது வசதிகளை நீக்கினால் ஏறத்தாழ எல்லோருடைய வேலையிலும் ஏதோ ஒன்று உடையும்.

அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவுப் போட்டியும் சேர்ந்துகொண்டது. 2025இல் அடோபி வட அமெரிக்காவில் தன் முழுத் தொகுப்பின் பெயரை மாற்றி, செயற்கை நுண்ணறிவு வசதிகளை உள்ளே வைத்து, விலையையும் உயர்த்தியது. கேட்காத பண்டத்தைத் தட்டில் வைத்து விலைச்சீட்டில் சேர்ப்பது போன்றது அது.

## தமிழ் எழுத்தின் தனிக்கதை

தமிழில் வடிவமைப்பவருக்கு ஒவ்வொரு புதுப்பிப்பும் இரட்டைக் கவலை. காரணம் எழுத்து அமையும் விதம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் "கொ" என்பதை முதலில் "க", பிறகு உயிர்க்குறி என்ற வரிசையில் சேமிக்கிறார்கள். திரையில் காட்டும்போது ஒற்றைக் கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய மென்பொருளுக்குள் எழுத்தமைப்பு இயந்திரம் ஒன்று வேண்டும். பல ஆண்டுகளாக ஃபோட்டோஷாப்பின் வழக்கமான பதிப்பில் இந்திய மொழிகளுக்கு அது இல்லை. கொம்பும் காலும் சிதறி விழும்.

அதனால்தான் அச்சகங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைக் கைவிடாமல் இருந்தன. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருந்தன. மென்பொருளுக்கு அது ஆங்கிலமாகவே தெரிந்தது, ஆகவே சிதறவில்லை. பின்னர் தெற்காசிய மொழிகளுக்கான இயந்திரம் ஃபோட்டோஷாப்பிலும் அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனிலும் வந்தது. இது வரவேற்க வேண்டிய மாற்றம், தமிழுக்கு நெடுநாள் கடன். ஆனால் அது முன்னிருப்பாக வரவில்லை. விருப்பத்தேர்வுகளில் தேடிக் கண்டுபிடித்து மாற்ற வேண்டியிருந்தது. பயனரைக் குலைக்கும் மாற்றம் கதவை உடைத்துக்கொண்டு வந்தது, தமிழருக்கு உதவும் மாற்றம் கொல்லைப்புறத்தில் காத்திருந்தது. முன்னிருப்பை யார் யாரை மனதில் வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தமிழ் எழுத்தே மாற்றத்துக்கு உள்ளானதுதான். 1978இல் தமிழ்நாடு அரசு "லை", "ணை", "றா" போன்ற எழுத்துகளின் உருவத்தைச் சீர்படுத்தியது. அதற்கு முந்தைய துதிக்கை வடிவ "லை"யைப் பழைய நூல்களில் இன்றும் பார்க்கலாம். அந்த மாற்றம் நிலைத்தது. ஏனென்றால் பழைய நூல் எதுவும் அன்று இரவே படிக்க முடியாததாகிவிடவில்லை. இரண்டு வடிவங்களும் பல ஆண்டுகள் அருகருகே வாழ்ந்தன.

## அருகருகே வாழவிட்டவர்கள்

அப்படிச் செய்த மென்பொருள்களும் உண்டு.

1. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் பொருள்களைத் தேர்ந்தெடுக்க வலது பொத்தானைச் சொடுக்குவதுதான் நெடுங்கால மரபு. 2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்பு இடது பொத்தானை முன்னிருப்பாக்கியது. ஆனால் முதல்முறை திறக்கும்போதே எந்தப் பொத்தான் வேண்டும், பழைய விசையமைப்பு வேண்டுமா என்று கேட்டது. அடுத்த ஆண்டிலிருந்து, இரண்டு ஆண்டுகள் பராமரிக்கப்படும் நீண்டகாலப் பதிப்புகளையும் வெளியிட்டது. பெரிய மாற்றத்தை விரும்பாதவர் அதில் தங்கிக்கொள்ளலாம்.

2. கோட்டுப் படங்கள் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப் 2020இல் 1.0 பதிப்பில் அளவுகோலின் தொடக்கப் புள்ளியைக் கீழ் இடது மூலையிலிருந்து மேல் இடது மூலைக்கு மாற்றியது. பழையபடி வைத்துக்கொள்ளும் தேர்வையும் சேர்த்தே கொடுத்தது.

3. செயலி, இணையப் பக்கங்களை வடிவமைக்கும் ஃபிக்மா 2024 ஜூனில் காட்டிய புதிய இடைமுகத்தில் பக்கப் பலகைகள் மிதந்துகொண்டிருந்தன. வேலை செய்யும் இடம் குறுகுகிறது என்று பயனர்கள் சொன்னார்கள். சில மாதங்களில் எல்லோருக்கும் வெளியிட்டபோது பலகைகள் மீண்டும் ஓரத்தில் பொருத்தப்பட்டிருந்தன.

மறுபக்கம் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கட்டற்ற மென்பொருளும் பயனரை அலைக்கழிக்கும். படத்திருத்த மென்பொருளான ஜிம்ப் 2012இல் 2.8 பதிப்பில் "சேமி" என்றால் தன் சொந்த வடிவத்தில் மட்டும் என்றும், ஜேபெக், பிஎன்ஜி வேண்டுமானால் "ஏற்றுமதி" என்றும் பிரித்தது. ஒரு சிறு வெட்டுக்காகப் படத்தைத் திறந்தவர்களுக்கு அது பெரும் தொல்லை. ஆனால் ஜிம்பின் பழைய பதிப்பை இன்றும் பதிவிறக்கிப் பயன்படுத்தலாம். நாள் குறிக்கும் உரிமை பயனரிடமே இருக்கிறது.

## தீவில் இருப்பவருக்கு ஏன் கூடுதல் பாரம்

சந்தா டாலரில், வருமானம் மொரீஷியஸ் ரூபாயில். 2019இல் ஒரு டாலருக்குச் சுமார் 36 ரூபாய் இருந்தது. 2024இல் 45ஐத் தாண்டிவிட்டது. மாதம் 20 டாலர் சந்தா என்றால், நிறுவனம் ஒரு காசும் ஏற்றாமலே 720 ரூபாய் 900 ஆகிவிட்டது. வட்டு வாங்கி வைத்திருந்த காலத்தில் நாணய மாற்று விகிதம் ஒருமுறை மட்டும் வலித்தது, இப்போது மாதந்தோறும் வலிக்கிறது.

காவடி வருவதும் புயல் பருவத்தில். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலால் போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துப்போனது. அந்த ஆண்டுக் காவடி ஜனவரி 25. அப்படிப்பட்ட பத்து நாளில் மின்சாரமும் இணையமும் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. சந்தாவைச் சரிபார்க்க அவ்வப்போது இணையத்தைத் தேடும் மென்பொருளும், உலாவிக்குள் மட்டும் இயங்கும் மென்பொருளும் இந்த நிலையில் தரும் தொல்லை வேறு. கணினியில் நிறுவிய மென்பொருள் சில வாரம் தாக்குப்பிடிக்கும், உலாவியில் இயங்குவது தாக்குப்பிடிக்காது.

## இப்போது செய்யக்கூடியவை

1. தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வையுங்கள். அடோபி மென்பொருள்களை நிறுவும் கிரியேட்டிவ் கிளவுட் செயலியில் இதை நிறுத்தலாம். புதிய பெரும் பதிப்பை நிறுவும்போது பழையதை நீக்கச் சொல்லும் கட்டத்தைக் கவனித்து அணைத்துவிடுங்கள். இரண்டும் அருகருகே இயங்கும்.

2. விசையமைப்பையும் பணிப்பரப்பையும் ஏற்றுமதி செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஃபோட்டோஷாப்பில் பழைய விகித முறைக்கும் செய்ததைத் திரும்பப் பெறும் பழைய அன்டூ விசைக்கும் இன்றும் தேர்வுகள் உண்டு: முன்னது விருப்பத்தேர்வுகளில், பின்னது விசைக் குறுக்குவழிகளுக்கான சாளரத்தில்.

3. கோவில் சின்னம், சங்கச் சின்னம் ஆகியவற்றின் நிறங்களைப் பான்டோன் எண்ணோடு நிறுத்தாமல், நான்கு மைகளின் விழுக்காடாகவும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். தாளுக்கு உரிமம் காலாவதியாவதில்லை.

4. இன்டிசைன் கோப்புகளை ஐடிஎம்எல் (IDML) என்ற பரிமாற்ற வடிவத்திலும் சேமியுங்கள். பழைய இன்டிசைன் பதிப்புகளும் ஸ்கிரைபஸ், அஃபினிட்டி போன்ற மாற்று மென்பொருள்களும் அதைத் திறக்கும். முடிந்த வேலையின் பிடிஎஃப் பிரதி எப்போதும் இருக்கட்டும்.

5. மாற்று மென்பொருளை அவசர நாளில் தேடாதீர்கள். இங்க்ஸ்கேப்பும் ஸ்கிரைபஸ் 1.6ம் யூனிகோடுத் தமிழைச் சரியாகக் காட்டுகின்றன. இங்க்ஸ்கேப்புக்கு அச்சு நிறங்களில் இன்னும் குறை உண்டு. அஃபினிட்டியை 2024இல் கேன்வா நிறுவனம் வாங்கி, 2025 அக்டோபரில் மூன்று மென்பொருள்களையும் ஒன்றாக்கி இலவசமாக்கியது. நல்ல கருவிதான். ஆனால் கணக்குத் திறந்துதான் பயன்படுத்த வேண்டும், நாளைய விதி கேன்வா கையில்.

6. கடைசியாக, உடனடியாகச் செய்யவேண்டிய ஒன்று. பேஜ்மேக்கரில் செய்த கோவில் ஆண்டு மலர்கள், சங்க இதழ்கள் எங்காவது பழைய வட்டில் இருந்தால், இன்றைய இன்டிசைன் அவற்றைத் திறக்காது. பேஜ்மேக்கர் 6.0 முதல் 7.0 வரையிலான கோப்புகளை இறக்குமதி செய்த கடைசி இன்டிசைன், கிரியேட்டிவ் சூட் 6இல் இருந்தது. அந்தப் பதிப்பு நிறுவிய கணினி உங்கள் அச்சகத்தின் மூலையிலோ உறவினர் வீட்டுப் பரணிலோ இன்னும் உயிரோடு இருக்கலாம். அதை எழுப்பி, கோப்புகளைத் திறந்து, பாமினி எழுத்துருவோடு பிடிஎஃப் எடுத்து, உரையை யூனிகோடுக்கு மாற்றி வைக்க ஒரு வார இறுதி போதும். அந்தக் கணினியின் வன்தட்டு நின்றுவிட்டால் அந்த மலர்களின் கோப்புகளும் அதோடு போய்விடும்.